புது கிறவுண்–பினியனா, கழட்டின டிபரன்சலா, பெயாரிங் மட்டுமா?

கிரவல் ஏற்றின டிப்பர் மாங்குளத்தில் ஏ9இல் ஏறி 50 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டதும் பின் அக்சில் ஊளையிடுகிறது என்றால், கராஜில் மூன்று வழி சொல்லுவார்கள். "பஞ்சிகாவத்தையில கழட்டின டிபரன்சல் ஒண்டு எடுத்து அப்பிடியே மாத்துவம் அண்ணை, நாளைக்கே ஓடலாம்" என்பது முதலாவது (பஞ்சிகாவத்தை கொழும்பில் வண்டிச் சாமான் விற்கும் இடம்; கழட்டினது என்றால் பழைய வண்டியில் கழட்டினது). புது கிறவுண் வீலும் பினியனும், அதாவது டிபரன்சலுக்குள் சுழற்சியைச் சில்லுப் பக்கம் திருப்பும் பெரிய பல்சக்கரமும் அதைச் சுற்றும் சின்னதும், வாங்கிப் போடுவது இரண்டாவது. உள்ள பல்லை வைத்துக்கொண்டு பெயாரிங்கும் சீலும் மட்டும் மாற்றுவது மூன்றாவது. பல் உடையாமலும் குழி விழாமலும் இருந்தால் நான் மூன்றாவதின் பக்கம்.

எதையும் கழட்டுமுன் சத்தத்தைக் கேளுங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் ஊளை என்றால் பல்லும் பல்லும் சேரும் இடத்தில் பிழை. காலை எடுத்ததும் கத்தினால் பினியன் பெயாரிங் தளர்ந்திருக்கப் பார்க்கும். வளைவில் மட்டும் சத்தம் வந்தால் ஸ்பைடர் கியர், டிபரன்சலின் நடுவில் இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள். வேகத்தோடு கூடிக் குறையும் ஓயாத உறுமல் பெயாரிங். அது சில்லு சுற்றும் ஹப் பெயாரிங்காகவும் இருக்கலாம், டிபரன்சலைத் திறக்கமுன் சில்லைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள்.

பிறகு ஒயிலை வடியுங்கள். பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. மாரியில் தாம்போதியால் ஓடும் லொறிக்கும், ஆற்றுக்குள் இறங்கி மணல் ஏற்றும் டிப்பருக்கும் இது சாதாரணம். ஓடிச் சூடான ஹவுசிங் (அக்சிலின் வெளிக்கூடு) தண்ணீருக்குள் இறங்கியதும் குளிர்கிறது, உள்ளே காற்று சுருங்குகிறது, காற்று போய்வரும் மூச்சுத்துளையாலும் தேய்ந்த சீலாலும் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. அப்படிச் செத்தது பெரும்பாலும் பெயாரிங்தான். அதற்குப் போய் முழு டிபரன்சலையும் மாற்றுவது காசைக் கொட்டுகிற வேலை.

கழட்டின டிபரன்சலின் நல்ல பக்கம் வேகம். பாரலொறிகளில் பெரும்பாலும் ஃபுல் ஃப்ளோட்டிங் அக்சில், அதாவது பாரத்தை ஹவுசிங் தாங்கும், ஷாஃப்ட் சில்லைச் சுற்ற மட்டும். சில்லைக் கழட்டாமலே இரண்டு ஷாஃப்டையும் உருவி, கியர்பொக்ஸிலிருந்து வரும் கார்டன் ஷாஃப்டை விலக்கி, போல்ட்டுகளை எடுத்தால் டிபரன்சல் கூடு கையோடு வரும். அறுவடை நேரத்தில் நெல்லு ஏற்ற லொறி காத்திருந்தால் இந்த வேகத்துக்கு விலை உண்டு. ஆனால் பல்லை எண்ணாமல் வாங்காதீர்கள். கிறவுணில் 41, பினியனில் 7 என்றால் விகிதம் 5.86, 37க்கு 6 என்றால் 6.17. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு பின் அக்சிலும் இழுக்கிற பத்துச் சில்லு டிப்பரில் ஒன்றின் விகிதம் மாறினால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து அடிபட்டு, புதிதாகப் போட்டதும் சேர்ந்து போய்விடும். விகிதம் சரியாக இருந்தாலும், முன்பு யார் எப்படிக் கட்டினார்கள் என்பது அந்தப் பளபளப்பான பெயின்றில் தெரியாது.

புது செட் என்றால் கதை வேறு. கிறவுணும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடு ஒன்று உரசிப் பொருத்தின சோடி. இரண்டிலும் ஒரே இலக்கம் வெட்டியிருக்கும். பினியன் மட்டும் போய்விட்டது, அதை மட்டும் தாருங்கள் என்று சாமான் கடையில் கேட்பவர் சில மாதத்தில் திரும்பவும் அதே கடைக்கு வருவார். போர்க்காலத்துப் பொருள் தடைக்காலத்தில் இருந்ததை வைத்து ஒட்டிப் பழகின ஊர் இது, அந்தக் கைவினையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சோடியைப் பிரிப்பதில் அது செல்லாது.

புது செட்டில் முதல் அளவு பினியன் எவ்வளவு உள்ளே போகிறது என்பது. பல்லில் மஞ்சள் மார்க்கிங் பசையை மெல்லிதாகப் பூசி, கிறவுண் வீலை ஒரு பலகைத் துண்டால் அமத்திப் பிடித்துக்கொண்டு பினியனைச் சுற்றுங்கள். சுமை இல்லாமல் சுற்றினால் பசையில் பல் பதிக்கும் தடம் பொய் சொல்லும். தடம் பல்லின் அடிவேருக்கு இறங்கியிருந்தால் பினியன் கூடுதலாக உள்ளே. நுனிக்கு ஏறியிருந்தால் போதாது. இங்கேதான் நல்ல மெக்கானிக்கும் தடுமாறுவார். உயரம் சரிசெய்யும் மெல்லிய சிம் தகடு பினியன் தலைக்கும் பெயாரிங்குக்கும் நடுவில் இருந்தால், தகடு கூட்டப் பினியன் உள்ளே போகும். பெரிய லொறிகளில் பினியன் கூட்டுக்கு (பினியனும் பெயாரிங்கும் இருக்கும் தனிக் கூடு) அடியில் இருந்தால், தகடு கூட்டப் பினியன் வெளியே வரும். தடம் கிறவுணின் உள் ஓரத்துக்கோ வெளி ஓரத்துக்கோ போயிருந்தால் பினியனைத் தொடவேண்டாம். பக்கத்து அட்ஜஸ்டர் நட்டுகளால் கிறவுணை நகர்த்தினால் போதும்.

அந்த நட்டுகளே பல்லிடைவெளியையும், அதாவது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ள ஆட்டத்தையும், தீர்மானிக்கின்றன. அளவு வண்டியின் திருத்தல் புத்தகத்தில் இருக்கும். நடுத்தர லொறிகளில் பல 0.2–0.3 மி.மீ. பக்கம் வரும். நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பல்லுக்குச் செங்குத்தாக வைத்து, கிறவுணைச் சுற்றி மூன்று நான்கு இடத்தில் பாருங்கள். கையால் ஆட்டிப் பார்த்து "சரி" என்கிற கராஜில் புது செட்டைக் கொடுப்பதிலும் பார்க்க, பழையதோடு ஓடுவது மேல்.

பினியன் பெயாரிங்கின் இறுக்கத்துக்கு இரண்டு முறை உண்டு. பிக்கப், சின்ன லொறி சிலவற்றில் நசியும் ஸ்லீவ். ஒருக்கால் கூட நசித்தால் நட்டைத் தளர்த்தித் திருத்த முடியாது, புதிது போடவேண்டும். பாரவண்டியில் கெட்டியான ஸ்பேசர். தடிப்பு மாற்றி மாற்றிப் பார்க்க நேரம் எடுக்கும், ஆனால் குழியில் விழுந்து எழும்பும் டிப்பருக்கு அதுதான் நிலைக்கும். அளக்க மீன் நிறுக்கும் சுருள் தராசு போதும். சீல் போடாமல், 15 செ.மீ. விட்டமுள்ள பினியன் கூட்டில் நூல் சுற்றி இழுங்கள். அசையத் தொடங்கும்போது அல்ல, சீராகச் சுற்றும்போது 2 கிலோ காட்டினால் அது கிட்டத்தட்ட 1.5 நியூட்டன் மீற்றர். புத்தகத்தின் எண்ணோடு ஒப்பிடலாம்.

பெயாரிங் மட்டும் மாற்றுவதில் இந்தக் கூத்து பாதியாகக் குறைகிறது, ஒரு நிபந்தனையோடு: கழட்டமுன் இருந்த பல்லிடைவெளியை அளந்து எழுதிவையுங்கள். பழைய பல் பழைய இடைவெளிக்கே திரும்ப வேண்டும். புத்தகத்தில் உள்ள புது அளவுக்கு இறுக்கினால், தேய்ந்து பழகின முகம் விலகி, இல்லாத ஊளை தொடங்கும். தடமும் புத்தகப் படத்தில் உள்ளதுபோல் வராது, வரவும் தேவையில்லை. பெயாரிங்கை மேலே அமத்தும் கேப் மூடிகளை இடம் வலம் மாறாமல் பஞ்ச் ஆணியால் குத்தி அடையாளம் வையுங்கள். பழைய சிம் தகடுகளை ஒரு கம்பியில் கோர்த்துத் தொங்கவிடுங்கள். கராஜ் நிலத்து மண்ணில் ஒன்று தொலைந்தால் எல்லாம் முதலிலிருந்து.

புது செட் போட்டவர்கள் மறுநாளே கிரவல் ஏற்றாதீர்கள். முதல் ஓட்டம் பாரமில்லாமல், 20–25 கிலோமீற்றருக்குப் பிறகு நிறுத்தி ஆறவிடுங்கள். முதல் 800 கிலோமீற்றருக்குள் ஒயிலை மாற்றிவிடுங்கள். ஒயில் ஜீஎல்-5 தரமாக (கனமான பாரம் தாங்கும் கியர் ஒயில் தரம்) இருக்கட்டும். இந்த வெயிலுக்கும் பாரத்துக்கும் உங்கள் வண்டியின் புத்தகம் இடம்கொடுத்தால் தடிப்பான 85டபிள்யூ-140 போடலாம். மூச்சுத்துளைக்கு ஒரு ரப்பர் குழாய் மாட்டி சேசிஸ் உயரத்துக்குக் கட்டிவிட்டால், அடுத்த மாரிக்கு மணல் ஏற்றப் போகிறவருக்கும் ஒயில் ஒயிலாகவே இருக்கும்.