குழந்தைகளுக்கான குடலிறக்க அறுவை: ஒரு மருத்துவமனைப் பிரிவின் சேவை குறித்து

எங்கள் மகனுக்குக் கவட்டிப் பகுதியில் குடலிறக்க (ஹெர்னியா) அறுவை நடந்து, அதன் பிந்தைய பரிசோதனைகளும் முடிந்துவிட்ட நிலையில், அவனைப் பார்த்துக்கொண்ட குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவைப் பற்றி இந்த மதிப்புரையை எழுதுகிறேன். குழந்தைகளுக்குச் செய்யப்படும் அறுவைகளில் மிகப் பரவலானவற்றுள் இதுவும் ஒன்று; பயிற்சி பெற்ற குழந்தைகள் அறுவை மருத்துவரின் கையில் பெரும்பாலும் நல்லபடியாகவே முடிகிறது. ஆகவே, அறுவை நன்றாக முடிந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பிரிவை மெச்சிவிட முடியாது. எப்போது அறுக்க வேண்டும், எப்போது பொறுக்க வேண்டும் என்பதைப் பெற்றோருக்கு எவ்வளவு தெளிவாகச் சொல்கிறார்கள், இறங்கிய குடல் நள்ளிரவில் சிக்கிக்கொண்டால் எவ்வளவு விரைவாகக் கவனிக்கிறார்கள், காயம் ஆறிய பிறகும் குழந்தையைத் தொடர்ந்து பார்க்கிறார்களா என்ற மூன்றையும் வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. முதலாவதில் இந்தப் பிரிவு மிகச் சிறப்பானது. மற்ற இரண்டிலும் குறைகள் உண்டு.

மகன் குறைமாதத்தில் பிறந்தவன். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோதே வலப்பக்கக் கவட்டியில் ஒரு புடைப்பு தோன்றி மறைவதைச் செவிலியர் ஒருவர் கவனித்துச் சொன்னார். அறுவை மருத்துவர் வந்து பார்த்தபோது அவன் ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தான்; புடைப்பு சுத்தமாகத் தெரியவில்லை. "அம்மா, இவன் அழும்போது எடுத்த படம் ஏதாவது கைபேசியில் இருக்கிறதா?" என்று கேட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, விரைக்குச் செல்லும் நாளத்தின் மேல் ஒரு விரலை மெல்ல உருட்டிப் பார்த்தார். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுவிட்டு, ஸ்கேன் எதுவும் தேவையில்லை என்றார். பெற்றோர் சொல்வதும், நேரில் தொட்டுப் பார்ப்பதும் பெரும்பாலான குழந்தைகளில் நோயறியப் போதுமானவை. தேவையில்லாத பரிசோதனைகளுக்கு எழுதிக் கொடுக்காத மருத்துவரைப் பார்ப்பதே ஒரு நிம்மதி.

பிறகு ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார். கரு வளரும்போது விரை வயிற்றிலிருந்து விரைப்பைக்கு இறங்குகிறது. அப்போது வயிற்றின் உள்ளுறையும் ஒரு குழாய்போல உடன் இறங்குகிறது. வழக்கமாக இந்தக் குழாய் பிறப்பை ஒட்டித் தானே மூடிக்கொள்ளும். மூடாமல் நின்றால் அதன் வழியே குடல் இறங்கும். வழி குறுகலாக இருந்து நீர் மட்டும் இறங்கினால் அது விரையைச் சுற்றித் தேங்கும். வலப்பக்கக் குழாய் சற்றுத் தாமதமாக மூடுவதால், ஏறக்குறைய பத்தில் ஆறு குழந்தைகளுக்கு வலப்பக்கத்தில்தான் குடல் இறங்குகிறது. ஆண் குழந்தைகளுக்கு இது பல மடங்கு அதிகம்; குறைமாதக் குழந்தைகளிடம் இன்னும் கூடுதல். பெரியவர்களுக்கு வயிற்றுத் தசை தளர்ந்து வருவதைப்போல இது தசையின் பலவீனம் அல்ல என்பதால், குழந்தைகளுக்குத் தசையைத் தாங்கும் செயற்கை வலை வைத்துத் தைக்க வேண்டியதில்லை. திறந்திருக்கும் பையை அதன் கழுத்தில் கட்டிவிட்டால் போதும். நாங்கள் கேட்கத் தயங்கிய கேள்விகளுக்கும் அந்த ஒரு தாளிலேயே விடை இருந்தது.

இந்தப் பிரிவின் மேல் எனக்கு நம்பிக்கை வேரூன்றியதற்கு மகனைக் காட்டிலும் மகளே காரணம் என்று சொல்ல வேண்டும். அவளுக்குத் தொப்புள் பிதுங்கியிருந்ததால் அவளையும் அழைத்துச் சென்றிருந்தோம். மருத்துவர் விரல் நுனியால் துளையின் அளவைப் பார்த்துவிட்டு, இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். தொப்புள் குடலிறக்கம் பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கு, ஐந்து வயதுக்குள் தானாகவே மூடிவிடும். சிக்கிக்கொள்வது மிக அரிது. துணியால் இறுக்கிக் கட்டுவதால் அது விரைந்து மூடுவதில்லை, தோல் புண்ணாவதுதான் மிச்சம். துளை மிகப் பெரிதாக இருந்தாலோ, அந்த வயதைத் தாண்டியும் மூடாவிட்டாலோ, வலி வந்தாலோதான் அறுவையைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றார். கவட்டிக் குடலிறக்கம் இதற்கு நேர்மாறானது. அது தானாக மூடும் என்று நம்பிக் காத்திருக்கக் கூடாது. குழந்தை எவ்வளவு சிறியதோ, குடல் சிக்கும் அபாயமும் அவ்வளவு அதிகம். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால் குழம்பிப்போகும் பெற்றோர்கள் ஏராளம். ஒரே அறையில், ஒரே நாளில், ஒரு பிள்ளைக்கு அறுவை வேண்டும் என்றும் மற்றொரு பிள்ளைக்கு வேண்டாம் என்றும் காரணத்தோடு சொன்ன நேர்மையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

மகனுக்கு எப்போது அறுவை செய்வது என்பதுதான் கடினமான கேள்வியாக இருந்தது. குறைமாதக் குழந்தைகளைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பே அறுவையை முடித்துவிடுவது பல இடங்களில் நெடுநாள் வழக்கமாக இருந்தது. வீட்டில் குடல் சிக்கிவிடுமோ என்ற அச்சமே அதற்குக் காரணம். அமெரிக்க மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2024-இல் வெளியான ஹெச்.ஐ.பி. ஆய்வு இந்த வழக்கத்தைச் சோதித்துப் பார்த்தது. வீட்டுக்கு அனுப்பும் முன்பே அறுவை செய்யப்பட்ட குழந்தைகளில் 28 விழுக்காட்டினருக்கும், கருவுற்ற காலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு 55 வாரங்களைத் தாண்டும் வரை அறுவை தள்ளிவைக்கப்பட்டவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் கடுமையான பாதகம் ஏதேனும் ஒன்று நேர்ந்திருந்தது. மருத்துவர் இந்த எண்களைச் சொன்னதோடு நிறுத்தவில்லை. காத்திருக்கும் காலத்தில் குடல் சிக்கினால் மருத்துவமனைக்கு எவ்வளவு விரைவாக வந்து சேர முடியும், வீட்டில் குழந்தையைக் கவனிக்க எப்போதும் ஆள் உண்டா என்றெல்லாம் கேட்டறிந்த பிறகே தன் கருத்தைச் சொன்னார். நாங்கள் காத்திருப்பது என்று முடிவு செய்தோம்.

அடுத்ததாக மயக்க மருந்து நிபுணரைப் பார்க்க அனுப்பினார்கள். இதற்கெனத் தனியே ஒரு நேரம் ஒதுக்கியிருப்பதைப் பாராட்ட வேண்டும். மயக்க மருந்து மூளை வளர்ச்சியைப் பாதிக்குமா என்று எந்தப் பெற்றோருக்கும் எழும் அச்சத்தை அவர் தள்ளிவிடாமல், ஜி.ஏ.எஸ். ஆய்வை எடுத்துச் சொன்னார். இதே குடலிறக்க அறுவைக்கு வந்த 722 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு முழு மயக்கமும், மற்றவர்களுக்கு விழித்திருக்கும் நிலையிலேயே முதுகுவழி மரப்பு மருந்தும் கொடுத்து, ஏழு நாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வு அது. 2016-இலும் 2019-இலும் வெளியான முடிவுகளின்படி, இரண்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரு பிரிவினரின் வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதாவது, ஒரு மணி நேரத்துக்குக் குறைவான ஒருமுறை மயக்கத்தால் அத்தகைய பாதிப்பு தென்படவில்லை.

குறை சொல்ல வேண்டிய இடம் இனி வருகிறது. காத்திருந்த காலத்தில் ஓர் இரவு மகன் நிறுத்தாமல் அழுதான். புடைப்பு கல்போல இறுகிவிட்டது, படுக்க வைத்தும் உள்ளே போகவில்லை. புடைப்பு இறுகுதல், தோல் சிவத்தல், பச்சையாக வாந்தி எடுத்தல், வயிறு உப்புதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே வர வேண்டும் என்று பிரிவினர் எழுதிக் கொடுத்திருந்த அட்டையோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினோம். அங்கே முகப்பில் இருந்தவர் அந்த அட்டையை வாங்கிப் பார்க்கவே இல்லை. பதிவுப் படிவத்தை நிரப்பிவிட்டு வரிசையில் உட்காரச் சொன்னார். சிக்கிய குடலுக்கும், அந்தப் பாதையிலேயே நெரிபடும் விரைக்கும் இரத்த ஓட்டம் குறைந்துகொண்டே வரும் வேளையில், அழும் கைக்குழந்தையோடு படிவம் நிரப்பச் சொல்வது ஏற்க முடியாத செயல். அவ்வழியே கடந்து சென்ற ஒரு செவிலியர் குழந்தையைப் பார்த்துவிட்டு, எங்களை நேராக உள்ளே அழைத்துச் சென்ற பிறகுதான் காரியம் நடந்தது. ஒரு பிரிவு கொடுக்கும் எச்சரிக்கை அட்டை அதே மருத்துவமனையின் வாசலில் செல்லவில்லை என்றால், அதை அச்சிட்டுப் பயனில்லை. இதை எழுத்துமூலமாகவும் தெரிவித்திருக்கிறேன்.

உள்ளே நடந்ததில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. வலி குறைய மருந்து கொடுத்து, அவன் அடங்கிய பின், பணியிலிருந்த அறுவை மருத்துவர் ஒரு கையால் புடைப்பின் கழுத்தை நேராகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவசரமின்றி, விடாத அழுத்தத்துடன் குடலை உள்ளே செலுத்தினார். பிறகு உடனே அறுக்காமல், வீக்கம் வடியட்டும் என்று இரண்டு நாள்கள் போல மருத்துவமனையிலேயே வைத்திருந்து அறுவை செய்தார்கள். வீங்கிய திசு எளிதில் கிழியும் என்பதால் இதுவே பாதுகாப்பான வழி. குடல் உள்ளே போகாத குழந்தைகளுக்குத்தான் உடனடி அறுவை.

கவட்டி மடிப்பிலேயே சிறு கீறலிட்டு, பையை விந்துக்குழாயிலிருந்தும் இரத்த நாளங்களிலிருந்தும் பிரித்து, மேலே உயரத்தில் கட்டிவிடும் திறந்த முறையைத்தான் மகனுக்குச் செய்தார்கள். நனைந்த பட்டுத்தாளைப்போல அவ்வளவு மெல்லிய பை அது. இதைப் பிரிப்பதில்தான் மருத்துவரின் பழக்கம் தெரியும் என்பதால், சிறு குழந்தைகளுக்கான அறுவையை அதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுக்க வேண்டும் என்று நான் அழுத்தமாகச் சொல்வேன். நுண்துளை முறையில் கேமரா வழியே மறுபக்கத்தையும் பார்த்துவிடலாம் என்ற வசதி உண்டு. இரண்டு முறைகளிலும் விளைவுகள் நல்லவையே. மருத்துவர் தமக்கு நன்கு கைவந்த முறையைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

குறைமாதக் குழந்தைகளுக்கு மயக்கம் தெளிந்த பிறகு மூச்சு இடையிடையே நின்றுபோகும் ஆபத்து உண்டு. நிறைமாதக் குழந்தைகள் பலரும் அன்றே வீடு திரும்புகையில், எங்கள் மகனை மட்டும் இரவு முழுவதும் மானிட்டரோடு இணைத்து வைத்திருந்தார்கள். இரவுப் பணிச் செவிலியர் ஒவ்வொரு முறை ஒலி எழும்போதும் திரையைப் பார்ப்பதற்கு முன்பு அவன் மார்பைப் பார்த்தார். அறுவையின்போதே முதுகின் அடிப்பகுதியில் போட்ட மரப்பு ஊசியால் முதல் சில மணி நேரம் வலியே தெரியவில்லை. பிறகு எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் போதுமானதாக இருந்தது. 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கோடீன் என்ற வலி மருந்தைத் தரக்கூடாது என்பதையும் வீட்டுக்கு அனுப்பும்போது நினைவூட்டினார்கள். தையல் தானே கரையும் வகை என்பதால் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. விரைப்பை சில வாரங்கள் வீங்கித் தெரிந்தது. அது வடியும் என்று முன்பே சொல்லியிருந்ததால் நாங்கள் பதறவில்லை.

பிந்தைய கவனிப்பு இன்னும் செம்மையாக இருந்திருக்க வேண்டும். வெளியேற்றச் சீட்டில் காயத்தைப் பார்ப்பதற்கான ஒரே ஒரு வருகைதான் குறிக்கப்பட்டிருந்தது. திட்டமிட்டுச் செய்யும் அறுவைகளில் குடல் மீண்டும் இறங்குவது ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்குத்தான். ஆனால் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும், ஒருமுறை சிக்கியவர்களுக்கும் அந்த வாய்ப்பு கூடுகிறது. சிக்கிய பக்கத்து விரை சுருங்கிப்போகவும் கூடும். அறுவைக்குப் பிறகு வடுவால் இழுபட்டு மேலேறவும் கூடும். மறுபக்கத்தில் பின்னாளில் குடல் இறங்குவது நூற்றில் ஏழு பேர் அளவில் நிகழ்கிறது. இவை அனைத்தும் காயம் ஆறிய பிறகு தெரியவருபவை. நாங்கள் வற்புறுத்திக் கேட்ட பிறகு, சில மாதங்கள் கழித்து ஒரு முறையும், ஓராண்டு முடிவில் ஒரு முறையும் மருத்துவர் நேரம் ஒதுக்கினார். இரு விரைகளும் ஒரே அளவில், உரிய இடத்தில் இருப்பதைப் பார்த்து உறுதி செய்தார். கேட்டால் கிடைக்கிறது என்பது உண்மை. கேட்கத் தெரியாத பெற்றோருக்கும் அது கிடைக்க வேண்டும் என்றால், சிக்கிய குடலோடு வந்த ஒவ்வொரு குழந்தையின் வெளியேற்றச் சீட்டிலும் அந்த இரண்டு வருகைகளையும் பிரிவினரே தேதியிட்டு எழுதித் தர வேண்டும்.