பேர் தெரியாத செடியா, ப்ளான்ட்நெட் ஆப் போட்டுப் பாருங்க

வீட்டுல தானா மொளச்ச செடி என்னன்னு தெரியலன்னா ப்ளான்ட்நெட் ஆப்ப தாராளமா இறக்கிக்கலாம். காசு கிடையாது, பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சி நிறுவனங்க சேந்து பண்ணது, 2013லருந்து இருக்கு. ஆனா போட்டோ எடுக்குற விதத்துலதான் எல்லாமே இருக்கு, முழுச்செடிய தூர நின்னு எடுத்துப்போட்டா பிரயோஜனம் இல்ல.

எங்க வீடு மதுரைல ஆனையூர் பக்கம். காம்பவுண்ட் ஓரமா மழைக்கு மொளச்ச ஒண்ணு இடுப்பு உசரத்துக்கு புதரா நின்னுச்சு, தோட்ட வேலைக்கு வந்த அண்ணன் வெட்டிரவான்னு கேட்டாரு, என்ன ஏதுன்னு தெரியாம வெட்ட மனசு வரல. இலை இதய வடிவம், ஓரத்துல பல்லு பல்லா, தொட்டா மெத்துன்னு பொடி ரோமம். இலைய மட்டும் போட்டப்ப ஆப் நாலஞ்சு பேரு காட்டுச்சு, எதுக்குமே பொருந்துற சதவீதம் பெருசா இல்ல. செம்பருத்தி, வெண்டை, பருத்தி எல்லாம் இதோட ஒரே குடும்பம், அந்தக் கூட்டத்துல இலைய மட்டும் வச்சு பிரிக்கிறது கஷ்டம்தான்.

சாயங்காலமா மஞ்சப் பூ விரிஞ்சதும் அதையும், பல் சக்கரம் கணக்கா இருந்த காயையும் கிட்டக்க எடுத்து, இலை, பூ, காய்னு தனித்தனியா குறிச்சு ஒண்ணா அனுப்புனேன். சட்டுனு முதல்ல அபுட்டிலான் இண்டிகம்னு வந்துச்சு, கீழ இருந்த மத்தவங்க எடுத்த படங்கள ஒவ்வொண்ணா தள்ளிப் பாத்தா காய் அப்படியே அச்சா இதேதான். அந்தப் பேர கூகுள்ல தட்டுனா, அட நம்ம துத்தி!

இன்னொரு ஆப்பும் பாத்தேன், பேர் வேணாம், ஃப்ரீ ட்ரையல்னு சொல்லிட்டு எடுத்த எடுப்புலயே கார்டு விவரம் கேக்குது, அப்பவே அழிச்சுட்டேன்.

மனசு கேக்காம ஒரு கொப்ப ஒடச்சு கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடைக்கு கொண்டுபோனேன். பெரியவர் காயப் பாத்ததுமே "துத்திதான்ப்பா, மூலத்துக்கு இலைய வதக்கி கட்டுவாக"ன்னாரு. இந்த மாதிரி தெரிஞ்சவங்க கண்ணு கண்டிப்பா வேணும், ஆப்ல வந்த பேர மட்டும் நம்பி யாரும் கஷாயம் கிஷாயம் போட்றாதீங்க, அரளியும் ஊமத்தையும் கூட நம்ம வீட்டுப் பக்கம் வளர்றதுதான், ரெண்டும் விஷம். பேர் கண்டுபிடிக்க மட்டும்னா அஞ்சுக்கு நாலரை ஸ்டார் குடுப்பேன், பூ காய் விட்ட பொறவு எடுங்க.