எண்ணூர் ஓடைக்கு எந்த மின்மோட்டார்?

காட்டுக்குப்பம் அருகே ஓடையில் நங்கூரமிட்டு நிற்கும் மைத்துனரின் ஃபைபர் படகுக்கு ஆளையும் சாமானையும் கொண்டுபோக எங்களிடம் எட்டடி ரப்பர் படகு ஒன்று இருக்கிறது. துடுப்பு போட்டுத் தோள் ஓய்ந்த பிறகுதான் மோட்டார் பேச்சு வந்தது. பெட்ரோல் வேண்டாம் என்பதில் இருவருக்கும் சண்டையில்லை. 2023 டிசம்பரில் எண்ணெய் மிதந்த தண்ணீர் இது. நாமும் அதில் ஏன் சொட்டவிட வேண்டும்?

மைத்துனருக்கு டார்கீடோ டிராவல் 1103 மேல் கண். 1,100 வாட் மோட்டார், 915 வாட்மணி மின்சாரம் கொள்ளும் லித்தியம் பாட்டரி. இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்று கைப்பிடித் திரையே சொல்லிவிடும். ஆனால் முழு வேகத்தில் ஓட்டினால் ஐம்பது நிமிடம்தான். ஈபிராபல்ஷன் ஸ்பிரிட் 1.0 பிளஸ் 1,000 வாட், 1,276 வாட்மணி. ஒன்றேகால் மணி நேரம் ஓடும். பாட்டரி கைநழுவித் தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும். இந்த இரண்டுக்குள் என்றால் என் ஓட்டு ஸ்பிரிட்டுக்கு.

விலையைப் பார்த்ததும் இருவரும் மௌனமானோம். மின் கோட்டா (Minn Kota) நிறுவனத்தின் 12 வோல்ட் எண்டூரா, மோட்டார் மட்டும் என்றால், அதைவிட மிகவும் மலிவு. வேகம் குறைவுதான், ஆனால் எட்டடிப் படகு மணிக்கு ஆறு, ஏழு கிலோமீட்டரைத் தொட்டதும் மூக்கைத் தூக்கிக்கொள்ளும். அதற்குமேல் ஊட்டும் மின்சாரத்தில் பெரும்பகுதி அலை எழுப்பத்தான் போகிறது.

எண்டூராவில் எனக்குப் பிடிக்காதவை இரண்டு. அது நன்னீருக்குச் செய்தது. மேலும், குறைந்த வேகத்தில் மிச்சமாக வேண்டிய மின்சாரத்தை, வேகம் குறைக்கும் கம்பிச் சுருளில் சூடாக்கியே தீர்த்துவிடும். அதே நிறுவனத்தின் ரிப்டைட் உப்புநீருக்கென்று வந்தது. விலை கூடுதல், ஆனால் துரு அரிக்காமலிருக்கத் துத்தநாகத் துண்டு உண்டு. மோட்டாரின் நீண்ட தண்டை மேலே இழுத்துக்கொள்ளலாம் என்பதால், சாம்பல் சேறு படிந்த ஆழமற்ற இடங்களிலும் தரை தட்டாமல் போகலாம்.

பாட்டரியில்தான் புத்தி கெட்டோம். வீட்டு இன்வெர்ட்டர் பாட்டரியை இரண்டு பேர் மூச்சுவாங்க இறக்கிவைத்ததும் படகின் பின்பக்கம் அமுங்கி, உட்கார்ந்திருந்த இடம்வரை தண்ணீர் ஏறிவிட்டது. 100 ஆம்பியர்மணி ஈய பாட்டரி முப்பது கிலோ. அதிலும் பாதியைத்தான் எடுக்கலாம். அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பன்னிரண்டு கிலோதான், ஏறக்குறைய முழுவதையும் தரும். முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுக்கும் 55 பவுண்டு உந்துவிசை ரிப்டைட்டுக்கு அது ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போதும். மோட்டாரில் மிச்சப்படுத்திய பணத்தை இங்கே போடுங்கள்.

எதை வாங்கினாலும் வலை நூல் விடாது. புரொப்பல்லரைக் கழற்றிப் பார்த்தால் தண்டைச் சுற்றி நைலான் இழை, பச்சை மோதிரம்போல் இறுகியிருக்கும். பிளேடால் அறுத்தெடுக்காவிட்டால் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீலை (seal) கிழித்து, உள்ளே உப்புநீரை விட்டுவிடும்.

ரிப்டைட்டையே வாங்கினோம். முகத்துவாரத்தில் வற்றம், அதாவது கடலுக்கு வடியும் நீர், பலமாக இழுக்கும் நேரத்தில் அதை நம்பிப் போகமாட்டேன். அந்தப் பக்கம் தினமும் போகிறவர்கள் ஸ்பிரிட்டுக்குச் சேமிக்கட்டும். துடுப்புகள் இரண்டும் இன்னும் படகிலேயே கிடக்கின்றன.