சான்றிதழ் வகுப்பா, தொழிற்பழகுநர் பயிற்சியா?

பின்தங்கிய சமூகத்தினரைச் சோலார் பேனல் பொருத்துதல், கணினித் தரவுப் பணி போன்ற வேலைகளுக்குத் தயார்படுத்தக் குறுகிய காலச் சான்றிதழ் வகுப்பு, நிறுவனத்தில் ஊதியத்துடன் வேலை செய்தபடியே கற்கும் தொழிற்பழகுநர் பயிற்சி என இரு வழிகள் உள்ளன. வகுப்பு குறைந்த செலவில் பலரைச் சென்றடையும். வீட்டில் பழகக் கணினி இருந்தால், தரவுப் பணிக்கு வகுப்பே பெரும்பாலும் போதும் (கைபேசியில் எக்செல் பழகுவது பெரும்பாடு). ஆனால், வெயில் பட்டுக்கொண்டிருக்கும் வரை பேனலில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும் என்பதையும், மின்னோட்டம் பாயும்போது இணைப்பைக் கழற்றினால் மின்பொறி நீண்டு எரியும் என்பதையும் கரும்பலகையில் படித்தவர், பாதுகாப்புப் பட்டை அணிந்து கூரையில் ஏறி, அனுபவமுள்ள ஒருவர் அருகிலிருக்க, தானே செய்து பார்த்தால்தான் கை தேறும். அன்றாடக் கூலியை விட்டு வகுப்புக்கு வர இயலாதவருக்கும் பழகுநர் பயிற்சியே ஏற்றது. நிறுவனங்கள் ஒரு சில இடங்களையே தர முன்வருவதுதான் அதன் பெருங்குறை.