காலிமுகத்திடல்: குழப்படிப் பிள்ளையோடு செல்வோருக்கு

கொழும்பில் தொடர்மாடி வீடொன்றில் வாழ்ந்துகொண்டு, ஒரு கணமும் ஓய்ந்திராத, நாம் சொல்லி முடிப்பதற்குள்ளேயே மறுத்துப் பேசத் தொடங்குகின்ற நான்கு வயதுப் பிள்ளையை வளர்ப்பவர்கள், ஓர் இடத்தை மதிப்பிடுவதற்குத் தமக்கென ஓர் அளவுகோலை வைத்திருப்பார்கள். அங்கே நிற்கும் நேரத்தில் எத்தனை முறை "ஓடாதே", "தொடாதே", "வேண்டாம்" என்று சொல்ல நேர்கிறது என்பதே அது. பிடிவாதமுள்ள பிள்ளைக்கு ஒவ்வொரு தடையும் ஒரு வழக்காகிவிடுவதால், தடைகள் குறைந்த இடமே பெற்றோருக்கும் ஓய்வு தரும் இடம். இந்த அளவுகோலின்படி எமது மகளோடு சென்று பார்த்த இடங்களில், நகரின் கடலோரப் புல்வெளியான காலிமுகத்திடலையே முதலில் வைப்பேன்.

இந்தக் கடலோர நடைபாதையை 1856இல் தொடங்கி 1859இல் முடித்த ஆளுநர் சேர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக அதனைத் தமக்குப் பின் வருவோரிடம் பரிந்துரைப்பதாக அங்குள்ள கல்லில் பொறித்துவைத்தார். ஆளுநர் பிள்ளை வளர்த்துக் களைத்தவரோ தெரியாது. ஆனால் பரிந்துரை சரியானது. கடலுக்கும் வீதிக்கும் இடையில் ஏறக்குறைய அரைக் கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் புல்வெளியில் மோதுவதற்கு மேசை இல்லை, உடைப்பதற்குக் கண்ணாடி இல்லை, கீழ் மாடியில் இருந்து முறைப்பாடு சொல்ல ஆளும் இல்லை. பிள்ளை எவ்வளவு சத்தம் போட்டாலும் கடற்காற்று அதை விழுங்கிவிடும். கண்ணுக்கு மறைவில்லாத வெளி என்பதால் சற்றுத் தூரம் ஓடவிட்டுவிட்டு நாம் இருந்த இடத்திலேயே இருக்கலாம்.

கட்டணம் அறவிடும் உள்ளக விளையாட்டுக் கூடங்களிலும் ஓடலாம், ஏறலாம். ஆயினும் காலுறை அணிய வேண்டும், குறித்த நேரத்தில் வெளியேற வேண்டும், சறுக்கு மரத்தில் கீழிருந்து மேலே ஏறக் கூடாது என்று விதிகள் நீளும். எமது மகள் முதலில் செய்ய விரும்புவது அந்தக் கடைசி விடயத்தைத்தான். விகாரமகாதேவிப் பூங்காவில் மர நிழல் உண்டு, காலை வேளைக்கு அது நல்லது. ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு இன்னும் நல்லது.

திடலின் நடுப்பகுதிக்குப் பொருந்தும் இந்தப் புகழ்ச்சி அதன் ஓரங்களுக்குப் பொருந்தாது. ஒரு பக்கம் இடைவிடாது வாகனங்கள் ஓடும் வீதி, மறுபக்கம் கடல். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் நடைபாதை வரை சிதறும். ஏனைய மாதங்களிலும் கீழே இறங்கும் படிகளின் பக்கம் துடிப்பான பிள்ளையைத் தனியே விடுவதற்கில்லை. இருவர் சென்றால் ஒருவர் வீதிப் பக்கமும் மற்றவர் கடல் பக்கமும் நிற்பது நல்லது. அந்த எல்லை இரண்டையும் பேரம் பேச இடமில்லாத விதிகளாக, வாகனத்தில் இருந்து இறங்குவதற்கு முன்னரே சொல்லிவிட வேண்டும். விதிகள் இரண்டே என்றால் பிள்ளையும் அவற்றைப் பெரும்பாலும் மதிக்கிறது.

உண்மையான சோதனை வியாபாரிகளிடம்தான் வருகிறது. பட்டம், பலூன், சவர்க்காரக் குமிழி விடும் கருவி, ஒளிரும் விளையாட்டுப் பொருள்கள் எல்லாம் பிள்ளையின் கண் மட்டத்திலேயே தொங்கும். "ஒன்றும் வாங்க மாட்டோம்" என்று தொடங்கினால் அந்தப் பின்னேரமே பாழ். "பட்டமா, குமிழியா, நீயே சொல்" என்று தெரிவை அவளிடம் விடும்போது, தீர்மானித்த பெருமையிலேயே மற்றவற்றைக் கடந்து போகிறாள். காற்று பலமாக வீசுவதால் சிறு பிள்ளை தன் கையாலேயே பட்டத்தைப் பிடித்து நிறுத்த முடிகிறது. எல்லாவற்றையும் "நானே செய்வேன்" என்கின்ற பிள்ளைக்கு இதைவிட நிறைவான விளையாட்டை நான் காணவில்லை. பிறர் விடும் பட்டங்களின் நூல் தாழ்வாக ஓடும் இடங்களில் மட்டும் ஓடவிடாதீர்கள், கழுத்தில் படக்கூடும். இறால் வடையைக் கண்ணெதிரே பொரித்தெடுத்தால் வாங்கலாம், ஆனால் பிள்ளைக்கு உறைப்பு அதிகம்.

புறப்படும் நேரம் எந்த இடத்திலும் கடினமானது. இங்கே மாத்திரம் எமக்கு ஒரு துணை உண்டு. கொழும்பில் ஆண்டு முழுவதும் சூரியன் மாலை ஆறு மணியை ஒட்டியே மறைவதால், "சூரியன் கடலுக்குள் போனதும் வீட்டுக்குப் போகலாம்" என்று வந்தவுடனேயே சொல்லிவைக்கலாம். அம்மாவோடும் அப்பாவோடும் வாதாடும் பிள்ளைக்குச் சூரியனோடு வாதாட வழியில்லை. முகில் மூடிய நாள்களில் இந்த உபாயம் கைகொடுக்காது. "சூரியன் இன்னும் போகேல்லை, அது ஒளிச்சு நிக்குது" என்று மகள் சொன்னபோது மறுப்பதற்கு எம்மிடம் ஆதாரம் இருக்கவில்லை.

பகலில் திடலில் நிழல் என்பதே கிடையாது. நான்கரை மணிக்கு முன் செல்வது வீண். மழை பெய்த மறுநாள் புல்வெளியில் ஆங்காங்கே நீர் தேங்கும், வறண்ட காலத்தில் புழுதி பறக்கும், ஆகவே மாற்றுடை அவசியம். மலசலகூட வசதி இவ்வளவு கூட்டம் வரும் இடத்துக்குப் போதாது. வீதிக்கு அப்பால் உள்ள வணிக வளாகத்துக்குச் செல்வதே எளிது. ஞாயிறு மாலையிலும் பௌர்ணமி நாளான போயா விடுமுறையிலும் கூட்டத்துக்குள் பிள்ளை நொடியில் மறைந்துவிடும் என்பதால் வார நாள்களையே பரிந்துரைப்பேன். கடும் நிறத்தில் உடை அணிவித்து, தொலைபேசி இலக்கத்தைக் கையில் எழுதிவிடுவதும் நல்லது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்தில் இருந்து வருவோர் போகும்போது 100, 101 ஆம் இலக்க பஸ்களில் பிள்ளையை யன்னலோரத்தில் இருத்திக் கூட்டிச் செல்லலாம், அதுவும் பிள்ளைக்கு ஒரு விளையாட்டே. திரும்பும்போது முச்சக்கரவண்டியைப் பிடியுங்கள். களைத்து, மணல் ஒட்டிய கால்களோடு மடியில் நித்திரையாகிவிடும் பிள்ளையை நெரிசலான பஸ்ஸில் ஏற்ற முடியாது.