முசோலினியும் சலாசாரும்: இதில் பாசிசம் எது?

சர்வாதிகாரி என்றாலே பாசிஸ்ட் என்று சொல்லிவிடுகிறோம். முசோலினியின் இத்தாலியையும் சலாசாரின் போர்ச்சுகலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

முசோலினி 1919இல் மிலானில் தொடங்கியது ஒரு தெரு இயக்கம். கருஞ்சட்டை அணிந்த அவருடைய அடியாள் படைகள் தொழிற்சங்க அலுவலகங்களைக் கொளுத்தின; வட இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியில் நிலக்கிழார்கள் அவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். 1922இல் ஆட்சி கைக்கு வந்தது. 1924இல் சோஷலிச எம்.பி. மத்தேயோத்தி கடத்திக் கொல்லப்பட்டார். 1926இல் வேலைநிறுத்தத்துக்கும் எதிர்க்கட்சிகளுக்கும் தடை. மக்கள் வாய்மூடிப் பணிந்திருந்தால் மட்டும் போதவில்லை. சிறுவர்களுக்குக்கூடச் சீருடை மாட்டி, அணிவகுக்க வைத்து, போரைப் புனிதமாக்கினார்கள். பாசிசத்தின் உயிர்நாடி இதுதான்.

சலாசார் பொருளாதாரப் பேராசிரியர், 1932இல் பிரதமரானார். அவருக்கு மக்கள் அடங்கிக் கிடந்தாலே போதும். உள்நாட்டு நீலச்சட்டைப் பாசிஸ்டுகளையே 1934இல் தடைசெய்தார். அதற்காக அவரை மென்மையானவர் என்று நினைத்துவிடக் கூடாது. ரகசியப் போலீஸ், தணிக்கை, அன்று போர்ச்சுகலின் காலனியாக இருந்த கேப் வெர்டித் தீவுகளில் தர்ராஃபால் சிறைமுகாம் எல்லாம் அவர் ஆட்சியில் இருந்தன.

முசோலினி ஒருகாலத்தில் சோஷலிசப் பத்திரிகையின் ஆசிரியர் என்பதால், பாசிசம் இடதுசாரி என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் சோஷலிசக் கட்சி அவரை 1914இலேயே வெளியேற்றிவிட்டது. அதன்பின் அவர் யாரை அடித்தார் என்று பாருங்கள். என் கணிப்பில் இருவருமே வலதுசாரிகள்: சலாசார் பழைமையைக் காக்கும் வலது, முசோலினி கூட்டத்தைக் கிளப்பிவிடும் தீவிர வலது.