கழுத்து ரியூபை மாற்ற எந்த வழி பாதுகாப்பானது? வன்னியிலிருந்து ஓர் ஒப்பீடு

கழுத்தில் துளையிட்டு வைத்த சுவாசக் குழாயை வார்ட்டில் எல்லோரும் ரியூப் என்றுதான் சொல்கிறோம். அதை மாற்றுவது பெரும்பாலும் ஒரு நிமிட வேலை. பிசகினால் புதிய ரியூப் மூச்சுக்குழாய்க்குள் இறங்காமல் அதற்கு முன்னாலுள்ள தசைக்குள் போய்விடும். வெளிப்பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். உள்ளே காற்றுப் போகாது. இதைத் தடுக்கவென்று புதிய வழிகாட்டிக் கருவிகள் சோதனைக்கு வருகின்றன. நிபுணர்கள் நிறைந்த பெரிய வைத்தியசாலைக்கு எது பொருந்தும் என்பதை மற்றவர்கள் எழுதட்டும். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் 100 கிலோமீற்றருக்கு மேல். அங்கே இரவுக் கடமையில் நிற்கும் தாதிக்கு எது கைகொடுக்கும் என்பதே என் கவலை.

ரியூபோடு பெட்டியிலேயே வருவது ஒப்ரியூரேற்றர் எனப்படும் முனை மழுங்கிய உள்தண்டு. துளையிட்டு 7 முதல் 10 நாட்களில் பாதை ஓரளவு உறுதிப்படும். மாதக்கணக்காக ரியூப் வைத்திருப்பவருக்கு இந்தத் தண்டே போதும். புதிய துளையில் மட்டும் அதை நம்பக் கூடாது. பழைய ரியூபை எடுத்ததும் தசை சுருங்கி வழியை மூடிவிடும். தண்டுக்கு வழி தெரியாது.

இரண்டாவது, சளி உறிஞ்சும் சக்‌ஷன் குழாயையே வழிகாட்டியாக்குவது. பழைய ரியூபுக்குள் குழாயை விட்டு, அதன் மேலாக ரியூபை உருவி, அதே குழாயின் மேல் புதியதை ஏற்றி இறக்குவார்கள். புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டில், முள்ளந்தண்டுக் காயத்தால் படுக்கையிலிருக்கும் கணவருக்கு அவருடைய மனைவி தாதியின் துணையோடு இதைச் செய்வதைப் பார்த்தேன். ரியூப் தடையின்றி ஏறுவதற்காகக் குழாயின் தடித்த முனையை முதலிலேயே கத்தரித்து வைத்திருந்தார். பழையதை உருவும்போது கணவர் இருமினார். மெல்லிய குழாய் வளைந்து பாதி வெளியே வந்துவிட்டது. "தங்கச்சி, பிடியுங்கள்!" என்று மனைவி சொல்லி முடிப்பதற்குள் தாதியின் விரல்கள் குழாயைப் பிடித்துவிட்டன. இந்த முறையின் பலமும் பலவீனமும் அதற்குள் இருக்கின்றன. எங்கும் கிடைக்கும், விலை குறைவு. ஆனால் துவளும், இரண்டு பேர் வேண்டும். இன்னொரு குறையும் உண்டு. 8 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள ரியூபுக்குள் செல்லும் 12 இலக்கக் குழாயின் வெளிவிட்டம் 4 மில்லிமீற்றர்தான். சுற்றிலும் 2 மில்லிமீற்றர் இடைவெளி. ரியூபின் விளிம்பு சதையில் தட்டி நிற்பது அந்த இடைவெளியால்தான்.

பூஜி எனப்படும் விறைப்பான வழிகாட்டி துவளாது. உள்ளீடற்ற வகையென்றால் ஒட்சிசனும் கொடுக்கலாம். ஆனால் ஆழமாகத் தள்ளினால் சுவாசக்கிளையைக் காயப்படுத்தும். ஒடுங்கிய குழாய் வழியே அழுத்தத்தோடு ஒட்சிசன் செலுத்தினால் நுரையீரல் வெடித்து நெஞ்சறைக்குள் காற்றுச் சேரலாம். பழகிய கைக்கு நல்ல துணை. பழகாத கையில் கொடுக்க எனக்கு மனம் வராது.

புதிய கருவிகளில் எனக்குப் பிடித்தது, ரியூபின் உட்புறத்தை முழுவதும் நிரப்பி நுனியில் கூம்பாக ஒடுங்கும் வகை. அந்த 2 மில்லிமீற்றர் இடைவெளியே அதில் இல்லை. 1985இல் சத்திரசிகிச்சை நிபுணர் சியாக்லியா அறிமுகப்படுத்திய தோல்வழித் துளையிடல் முறையில் ரியூபைக் கூம்புத் தண்டில் ஏற்றி இறக்கும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. அதே எண்ணம் ரியூப் மாற்றத்துக்கும் வருவது நியாயமே. ஆழத்தைக் காட்டும் கோடுகளும் இருந்தால், புதிய துளைக்கு என் தெரிவு இதுவே.

ஆனால் எப்படிச் சோதித்தார்கள் என்று கேட்காமல் வாங்கக் கூடாது. பயிற்சிப் பொம்மையின் றப்பர்த் துளை ஒருபோதும் சுருங்காது. அதில் எல்லாக் கருவியும் வெல்லும். ஆட்டின் மூச்சுக்குழாயைச் சதையால் போர்த்திச் சோதித்தால் உண்மை கொஞ்சம் தெரியும். எத்தனை விநாடி எடுத்தது என்பதைவிட எத்தனை தடவை வழி தவறியது என்பதே முக்கியம். 30 தடவை செய்து ஒன்றுகூடத் தவறவில்லை என்றாலும், உண்மையான தவறு பத்துக்கு ஒன்று வரை இருக்கலாம் என்கிறது புள்ளியியல். நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்று சொல்ல ஏறத்தாழ 300 வேண்டும். கிளிநொச்சி மட்டும் அந்தத் தொகையை எட்டாது. வவுனியா, முல்லைத்தீவு, மன்னார், யாழ்ப்பாணம் எல்லாம் சேர வேண்டும்.

எந்தக் கருவியானாலும் ரியூப் சரியான இடத்தில் இருக்கிறதென்று காட்டுவது வெளிமூச்சில் வரும் காபனீரொட்சைட்டே. அதை அளக்காமல் விட்டது தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் எத்தனை உயிர்களைக் காவுகொண்டது என்பதை 2011இல் வெளியான பிரித்தானியத் தேசிய ஆய்வு விரிவாகக் காட்டியது. கையில் ஒரு கருவிக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், கூம்பு வழிகாட்டிக்கு முன் அந்த அளவுமானியை வாங்கச் சொல்வேன்.

சோதனைத் தாளில் தோல்விக்கும் இடம் விட வேண்டும். ரியூப் இறங்காதபோது ஓர் அளவு சிறியதை எடுத்தார்களா? மேல் சுவாசவழி திறந்திருப்பவருக்குத் துளையை மூடி, வாய் மூக்கு வழியாக ஒட்சிசன் கொடுத்தார்களா? எத்தனை விநாடியில்? கருவி பதிவாகி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாதவையும் உண்டு: அதே அளவில் ஒரு ரியூப், ஓர் அளவு சிறியதாக இன்னொன்று, ஒட்சிசன் முகமூடி, கத்தரிக்கோல். இவை இன்றிரவே கட்டிலின் தலைமாட்டில் இருக்க வேண்டும்.